பதினொரு நிமிடம்

அலமாரியின் மேல்தட்டில் ஓட்டை விழுந்த பிஸ்டன் ஒன்று.
அதில்தான் சிகரெட் சாம்பலைத் தட்டுகிறேன்.
போன ஆண்டு நொல்பெர்த்தோவின் வண்டியிலிருந்து கழற்றியது.
"இன்னும் கொஞ்சம் வேகம்" என்று அவன் கெஞ்சியதற்கு
நான் தலையாட்டியதன் ரசீது.

கோப்பியாபோவில் மழை பெய்த நாளைத்
தேதியோடு நினைவில் வைத்திருப்பார்கள்.
சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன் அவன்.
பத்து நாள் மலையில், பத்து நாள் கீழே.
கீழே இருக்கும் பத்து நாளும் என் பட்டறையில்,
நாலு சக்கர வண்டியைச் சுற்றிச் சுற்றி,
பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவனைப் போல.

இந்த முறை சிலிண்டரை மூன்று மில்லிமீட்டர் அகலமாக்கினேன்.
காற்று தாராளமாக உள்ளே வர ஒரு வழி,
புகை தாராளமாக வெளியே போக ஒரு வழி.
முதல் உறுமலில் தகரக் கூரை அதிர்ந்தது.
அவன் கண்ணில் தண்ணீர்.
பிறகு, அவன் சாப்பிடப் போன நேரத்தில்,
கொடுத்ததில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்:
ஹெட்டுக்கு அடியில் தடித்த கேஸ்கெட்,
பொறி விழுவதில் இரண்டு டிகிரி தாமதம்,
கார்புரேட்டரில் ஜெட் ஓர் எண் பெரிது.
பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்தால் எஞ்சின் நிதானமாகிவிடும்,
மனிதர்களுக்கு நேர் எதிராக.
மூன்று குதிரை போயிருக்கும்.
மீதிக் குதிரைகள் உயிரோடு ஊர் திரும்பும்.

சுரங்கத்துப் பழைய இரும்புக் குவியலில்
ரேடியேட்டர் ஒன்று கிடைத்தது, முன்னதைவிட ஒன்றரை மடங்கு தடிமன்.
மடங்கிக் கிடந்த தகடுகளை
மகளின் பேன்சீப்பால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன்.
அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சீற வைப்பது பெரிய வித்தையில்லை.
ஆற்றத் தெரிந்த பிறகுதான் அது ஆற்றல்.
இப்படியெல்லாம் நான் அவனிடம் சொல்வதில்லை.
"ஊசி சிவப்பைத் தொட்டால் கூப்பிடு" என்பதோடு சரி.

நூற்றெண்பதாவது கிலோமீட்டரில் கூப்பிட்டான்.
ரேடியோவில் பாதி மணல், பாதி குரல்.
"ஏறுகிறது, எலியானா."
"காற்று எங்கிருந்து?"
"முதுகுப் பக்கம்."
அதுதானே.
மணல்மேட்டில் அவன் ஏறும் வேகத்தில் காற்றும் கூடவே ஏறுகிறது.
ரேடியேட்டரின் முகத்தில் ஒரு மூச்சுகூட இல்லை.
"வண்டியைத் திருப்பு. காற்றைப் பார்த்து நிறுத்து.
அணைத்துவிடாதே, மெதுவாக ஓடட்டும், விசிறி சுற்றட்டும்.
மூடியைத் தொடாதே. இருக்கிற தண்ணீரை நீ குடி."
"எவ்வளவு நேரம்?"
"நான் சொல்கிற வரை."

நான்கு வண்டிகள் அவனைத் தாண்டிப் போயின.
ஒவ்வொன்றையும் எண்ணிச் சொன்னான்.
என்னைத் திட்டினான், என் அம்மாவை,
பிறகு காற்றை, பிறகு கடலையே.
ஏழாவது நிமிடத்தில் சத்தம் இல்லை.
ஒன்பதாவதில், வேறு குரலில்:
"ஒரு பல்லி நிழலுக்காக வண்டிக்கடியில் வந்திருக்கிறது."
"கிளம்பும்போது பார்த்துப் போ" என்றேன்.
பதினொன்றில் ஊசி இறங்கியது.

ஏழாவது இடம்.
ஏழாவதுக்குக் கோப்பை கிடையாது, தொப்பி கொடுத்தார்கள்.
அவனைத் தாண்டிய நான்கில் இரண்டு
லாரியில் படுத்துக்கொண்டு ஊர் வந்தன,
ஒன்றிலிருந்து இன்னும் தித்திப்பான ஆவி வாசனை.

இரவு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி விளக்கில் காட்டினேன்.
பால் கலந்த காபியின் நிறம்.
இதைவிட நல்ல செய்தியை ஓர் எஞ்சினால் எழுத முடியாது.
அவன் தொப்பியைக் கழற்றவேயில்லை,
பிளக்கையும் பார்க்கவில்லை,
காதுக்குப் பின்னால் மணலைச் சுரண்டிக்கொண்டே கேட்டான்:
"அந்த மூன்று குதிரையை எப்போது திருப்பித் தருவாய்?"

தெரிந்தேதான் ஓட்டியிருக்கிறான்.

சாம்பலைத் தட்டினேன்.
பிஸ்டனின் ஓட்டை வழியாகக் கொஞ்சம்
மேசையில் கொட்டியது.